இன்னொருத்தர் காதுக்குப் போகாது

எந்த வீட்டுக்குப் போனாலும் பேட்டியைத் தொடங்குமுன் எங்கள் பேராசிரியர் வலது கையை நெஞ்சில் வைத்து ஒரு வாக்குக் கொடுப்பார்: "நீங்க சொல்றது இன்னொருத்தர் காதுக்குப் போகாதுங்க." அந்தக் கை இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. குடும்பத் தொழில்கள் ஏன் உடைகின்றன என்பதுதான் அவருடைய ஆயுட்கால ஆராய்ச்சி. சேலத்து ஜவுளிக்காரர்கள், நாமக்கல் லாரிக்காரர்கள், திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் என்று எல்லோர் வீட்டுக் கூடத்திலும் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. கல்லூரியில் அவருக்கு உதவியாளராக இருந்த நான் பின்னாலேயே போய்க் குறிப்பெடுப்பேன். அப்பா, பிள்ளை, அண்ணன், தம்பி எல்லோரையும் தனித்தனியாக உட்காரவைத்துத்தான் பேசுவார். அப்போதுதான் உண்மை வரும் என்பார். வந்தது, வந்து என்ன செய்ய?

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் தொழிலில் அண்ணன் தம்பி இருவர். "எனக்குப் பொறவு தம்பிதானுங்க எல்லாம். எம்பையன் அவங்கிட்டத்தான் தொழில் கத்துக்கோணும்" என்றார் அண்ணன். யோசிக்கக்கூட இல்லை. மறுநாள் தம்பி பேசினார். "அண்ணன் அவரு பையனை உக்கார வெச்சுப்போட்டு என்னைய ஒதுக்கிருவாருங்க. அதுக்கு முந்தி நானே பிரிஞ்சுக்கறேன்." அண்ணன் சொன்னது எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பேராசிரியர் கண்ணாலேயே அடக்கினார். ஏன் சொல்லக்கூடாது என்று காரில் ஏறியதும் கேட்டேன். "சொன்னா அப்பறம் எந்த ஊட்டுலயும் நம்மகிட்ட வாயைத் திறக்க மாட்டாங்கம்மா" என்றார். நியாயம்தான். இருவர் சொன்னதையும் குறிப்பேட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் எழுதி வைத்தேன்.

பாகம் பிரித்தார்கள். வீம்புக்கென்றே, துளையிடும் ரிக் வண்டியை அண்ணனும், அதற்குக் காற்றழுத்தம் கொடுக்கும் கம்ப்ரஸர் வண்டியைத் தம்பியும் எடுத்துக்கொண்டார்கள். ஒன்றில்லாமல் மற்றது வெறும் இரும்பு. விட்டுக்கொடுக்க இருவருக்குமே மனம் வரவில்லை; இரண்டும் தனித்தனி ஷெட்டில் நின்று துருப்பிடித்தன. அந்தப் பிரிவைப் பற்றி எழுதிய கட்டுரைதான் பேராசிரியருக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது. விருது, மாலை, வெளிநாட்டு அழைப்பு எல்லாம் வந்தன. ஆனால் திருச்செங்கோட்டுச் சாலையில் போகும்போதெல்லாம் காரை ஓரங்கட்டச் சொல்லி, இறங்காமல், ஷெட்டில் நிற்கும் அண்ணனுடைய வண்டியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்று அவர் இல்லை. அந்தக் கட்டுரையை நான்தான் வகுப்பில் நடத்துகிறேன். அதில் அந்த அண்ணனும் தம்பியும் வெறும் 'மூத்தவர்', 'இளையவர்'. "அப்புறம் சேர்ந்தாங்களா மேடம்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பேராசிரியர்மேல் கோபமும் வரும், பாவமாகவும் இருக்கும். இல்லை என்று மட்டும் சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

பேராசிரியர் இருந்தபோதே ஒருநாள், அண்ணன் மாரடைப்பில் இறந்த செய்தி கேட்டு நாங்கள் இருவரும் போயிருந்தோம். பந்தலின் ஓரத்தில் தம்பி தனியாக உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணன் அன்று சொன்னதை அப்படியே சொன்னார். அத்தனை வருட வாக்கை முதல்முறையாக மீறினார்.

தம்பி நிமிர்ந்து பார்த்தார். "அன்னைக்கே தெரியுமுங்களா சார்?"

"தெரியுமுங்க."

"இப்ப என்கிட்டச் சொல்லி என்னங்க ஆகுது? தம்பி எதுக்குப் பயந்து பிரிஞ்சான்னு, உள்ள படுத்திருக்கறாரே, அவருகிட்டப் போயிச் சொல்லுங்க."

பேராசிரியர் எழுந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அழுதுகொண்டிருந்த பெண்கள் விலகி வழிவிட்டார்கள். ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் குனிந்து, தம்பி அன்று சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொல்லத் தொடங்கினார்.