எல்லாக் கழுத்திலும் என் சங்கிலி

ராயபுரத்தில் என் அண்ணன் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தான். அவன் எடுக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வர்ணம் தீட்டுவது என் வேலை. சுதந்திரம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. எனக்கு இருபது வயது, கூடவே கொஞ்சம் தலைக்கனம். பெண்களின் படம் என்றால் அண்ணன் தொடவே மாட்டான். "பொம்பளைங்க மூஞ்சி பொம்பள உனுக்குத்தான் தெரியும்" என்பான். எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். யார் வந்தாலும் முகத்தை வெளுப்பாக்குவேன், வடுவை அழிப்பேன், உதட்டில் சிவப்பு வைப்பேன். கடைசியில் மெல்லிய தூரிகையால் கழுத்தில் ஒரு இரட்டை வடச் சங்கிலி. வெறுங்கழுத்தோடு எங்கள் கடையை விட்டு ஒருத்தியும் போனதில்லை. யாரும் கேட்டு வாங்கியதில்லை, வேண்டாம் என்று சொன்னதுமில்லை.

காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா தன் மகளைக் கூட்டி வந்தாள். மாப்பிள்ளைக்கு விசாகப்பட்டினம் துறைமுகத்தில் வேலை, அவனைப் பெற்றவர்கள் எண்ணூரில். அவர்களிடம் கொடுத்து அவனுக்கு அனுப்பப் படம் வேண்டும் என்றாள். வழக்கம்போல் தீட்டிக் கொடுத்தேன்.

பத்து நாளில் அந்த அம்மா மகளோடு திரும்பி வந்தாள்.

"இன்னாம்மா இப்டி பண்ணிட்ட? பொண்ணு பாக்க வந்தவங்க, படத்துல கீற சங்கிலி எங்கன்னு கேட்டாங்க. அப்டி ஒண்ணும் இல்லன்னேன். ஏமாத்தறீங்களான்னு எழுந்து பூட்டாங்க. வந்ததே இந்த ஒரு சம்பந்தம்தான்!"

சங்கிலியை எடுத்துவிட்டு வேறு படம் தருகிறேன் என்று முனகினேன். அதுவரை சும்மா நின்றிருந்த மகள் படத்தை என் முன்னால் போட்டாள்.

"சங்கிலின்னா ஒழச்சி வாங்கிப்பேன்க்கா. இந்த மூஞ்ச எங்க போயி வாங்கறது?"

அவமானமாக இருந்தது. என் மேலேயே கோபம் கோபமாக வந்தது. கொல்லைப்பக்கம் கூடையைக் கவிழ்த்து அவளை உட்காரவைத்து, தாளில் புதிதாக வரைந்தேன். மூன்று நாள் பிடித்தது. புருவத்துக்கு மேல் துடுப்புப் பட்ட வடு. வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி நெற்றியில் விழுந்த கோடு. சுமை தூக்கி இறுகிய கழுத்து. என் அண்ணனை, என் தூரிகையை, வராத மாப்பிள்ளையை எல்லாம் கேலி பேசிக்கொண்டே இருப்பாள். ஆனால் வாசலில் ஆள் அரவம் கேட்டால் போதும், கண் அங்கே ஓடிவிடும். எண்ணூரிலிருந்து சேதி ஏதாவது வந்துவிட்டதோ என்று பார்ப்பாள். அவளுக்கு அந்தக் கல்யாணம் வேண்டியிருந்தது. அந்தக் கண்ணைத்தான் கடைசியில் வரைந்தேன்.

பிறகு அவளுடைய அம்மாவோடு நானே எண்ணூருக்குப் போனேன். மாப்பிள்ளையின் தாயார் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. நின்றபடியே, "பொய் இவங்களுது இல்லம்மா, சங்கிலி நான் வரைஞ்சது" என்று சொல்லிப் படத்தை நீட்டினேன்.

அவள் அதை வாங்கவில்லை. என் பார்வை அவளைத் தாண்டிச் சுவரில் போய் நின்றது. அங்கே அந்தத் தாயாருடைய படமே மாட்டியிருந்தது. வெளுத்த முகம், சிவந்த உதடு, கழுத்தில் என் இரட்டை வடம். எப்போதோ எங்கள் கடைக்கு வந்திருக்கிறாள். நான் திரும்பி அவள் கழுத்தைப் பார்த்துவிட்டேன். வெறும் மஞ்சள் கயிறு. பார்த்திருக்கக் கூடாது.

"அதுவும் நீ போட்டதா?" என்றாள்.

"ஆமாம்மா."

சுவரிலிருந்த படத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு புதுப் படத்தை வாங்கி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். வடுவின் மேல் விரலை வைத்தாள்.

"அன்னிக்கு மூஞ்சில பவுடர அப்பி ஒக்கார வச்சீங்களே, இது எதுவும் தெர்லயே" என்று பெண்ணின் அம்மாவிடம் சொன்னாள். "இத்தயே என் புள்ளைக்கு அனுப்பறேன். இந்தப் பொண்ணே வரட்டும்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. கிளம்பும்போது அவள் என்னை மட்டும் நிறுத்தினாள். சுவரிலிருந்த படத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"என் கடைசிப் பொண்ணு இத்தப் பாத்துப் பாத்து, அந்தச் சங்கிலி எங்கம்மா, யாருக்குக் குடுத்துட்டன்னு கேட்டுக்கினே கீது. நான் இன்னான்னு சொல்ல? என்னயும் ஒருதபா வரைஞ்சி குடும்மா. அது பாத்தா, எங்கம்மான்னு சொல்லணும்."