மூலையில் ஒரு திருகு

அலுவலகத்தில் அவர்கள் இருவரையும் சேர்த்துப் 'பெட்டியும் பலகையும்' என்பார்கள். கருவிகளுக்கு வெளிப்பெட்டி வரைபவர் கணவர். அதற்குள் உட்காரும் சர்க்யூட் போர்டை வரைபவள் மனைவி. கல்யாணமான புதிதில் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இப்போது ஒரு 'ம்' போட்டுவிட்டு நகர்ந்துவிடுவதோடு சரி.

அவள் வேலையில் பாதி துளை போடுவதுதான். சிப், போர்டின் மேல்முகத்தில் உட்கார்ந்திருக்கும். அதற்கு வேண்டிய மின்சாரமும் சிக்னலும் போர்டின் உள்ளடுக்குகளில் ஓடும். சிப்பின் ஒவ்வொரு காலிலிருந்தும் குட்டியாக ஒரு செம்புக்கோட்டை இழுத்து, பக்கத்தில் துளை போட்டு, கீழே இறக்க வேண்டும். கால் ஒட்டும் இடத்திலேயே துளை போட்டால், சூடாக்கும்போது ஒட்டவைக்கும் ஈயம் அதற்குள் வடிந்துவிடும். கால் சரியாக ஒட்டாது. வாரக்கணக்கில் இதே வேலை. கண்ணை மூடினாலும் புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது.

ஒருவழியாய் முடித்த அன்று சாயங்காலம் திருத்திய பெட்டி வரைபடம் வந்தது. பெட்டியை ஒல்லியாக்குவதற்காகக் கணவர், போர்டைத் துளைத்துப் போகும் ஒரு திருகை நகர்த்தியிருந்தார். அது நேராகச் சிப்பின் மூலையில், துளைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற இடத்தில் வந்து இறங்கியிருந்தது.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவள் தோள்பையை இறக்காமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்தத் திருகை எடுத்துடுங்க."

வாடிக்கையாளர் ஒத்துக்கொண்டாயிற்று, காலையில் பெட்டிக்கு அச்சு வெட்டக் கொடுக்க வேண்டும், ரெண்டு துளையைத் தள்ளிப் போட்டால் ஆகாதா என்றார் அவர்.

"ரெண்டைத் தள்ளினா பக்கத்துல இருக்கறதையும் தள்ளணும். அப்புறம் அத்தனையும். என்னால முடியலைங்க."

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர் கேட்டதில்லை. மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரியெல்லாம் கூட இருந்துவிட்டு, விடிந்ததும் நேராக வேலைக்குப் போனவள். அவர் கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். லேப்டாப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார்.

"எங்கே வந்தா உனக்குத் தோதுப்படும்?"

அவள் விரலை வைத்துக் காட்டினாள். திருகு அங்கே போனால் மூடியின் கொக்கி மாறும், உள்சுவர் மாறும், பெட்டியும் சற்றுப் பருக்கும். அவருடைய ஒரு வார உழைப்பு அம்பேல். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே அச்சுக்காரருக்குப் போன் செய்து, நாளைக்கு வேண்டாம் என்றார்.

"வாடிக்கையாளர்கிட்டத் திட்டு வாங்கப் போறீங்க."

"வீட்டுல வாங்கறதை அங்கே வாங்கிக்கறேன்."

அவள் உதடு லேசாக நெளிந்தது. அவர் வெங்காயத்தை நறுக்கி முடிப்பதற்குள், மடியில் பையோடு உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

பெட்டி கொஞ்சம் குண்டாகத்தான் வந்தது. வாடிக்கையாளர் முணுமுணுத்து ஓய்ந்தார். போர்டு முதல் தடவையிலேயே வேலை செய்தது. அதைப் பார்க்க அவளுக்கு நேரம் ஒழியவில்லை. அடுத்த போர்டு மேசைக்கு வந்துவிட்டது.