சும்மாதான் இருப்பேன்

நாற்பது வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலை.

வெள்ளிக்கிழமைதோறும் சூப்பர்வைசர் அம்மா சிரித்த முகத்தோடு வந்து, "ஞாயித்துக்கிழமை ஏதாவது வேலை இருக்கா?" என்று இங்கிலீஷில் கேட்பார். அக்கறையாக விசாரிக்கிறார் என்று பாப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "ஒண்ணுமில்ல மேடம், சும்மாதான் இருப்பேன்" என்பாள். உடனே ஞாயிறு ஷிப்ட் அவள் தலையில் விழும்.

அக்காவிடம் புலம்பினாள். அக்கா தலையிலடித்துக்கொண்டாள். "மக்கு! அது விசாரிப்பு இல்லடி. வேலைக்கு வர்றியான்னு கேக்கறாங்க. வீட்ல வேலை இருக்குன்னு சொல்லிடு."

அடுத்த வெள்ளி அப்படியே சொன்னாள். அந்த அம்மாவின் சிரிப்பு துளியும் மாறவில்லை. "பரவாயில்ல. வேலை கேட்டு நிறைய பேர் வர்றாங்க. நாங்க பாத்துக்கறோம்."

போன வாரமாக இருந்தால் பாப்பா நன்றி சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்பியிருப்பாள். இப்போது இஸ்திரிப் பெட்டியை அவசரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இல்ல மேடம், நான் வர்றேன்."

"நிஜமாவா? உங்களுக்குச் சிரமம் இல்லையே?"

இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று இப்போது யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"சிரமமே இல்ல மேடம்" என்றாள். சிரிக்கவும் செய்தாள்.

ஞாயிறு காலை வீடே தூங்கிக்கொண்டிருக்க, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போனாள்.