தேக்குக் கதவும் எண்ணெய்த் துணி மூட்டையும்

நடந்தவை இவை, நடந்த வரிசையில்:

1. அரிசி ஆலைக்காரர் வீட்டுத் தேக்குக் கதவுக்கு அப்பா வார்னிஷ் அடித்தார். அது பல இடங்களில் பிசுபிசுத்தது. காய்ந்த இடங்களில் தோலாக உரிந்தது.
2. சித்தப்பா அதைச் சுரண்டி எடுத்துவிட்டு ஆளிவிதை எண்ணெய் தேய்த்தார்.
3. அன்று மத்தியானமே பட்டறை எரிந்தது.
4. அப்பா தன் தம்பியின் கையை உடைத்தார்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட அந்தப் பட்டறையில் மரத்தூளும் தின்னரும் கலந்த நெடி எப்போதும் தொண்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அன்று காலை அதோடு எண்ணெய் வாசனையும் சேர்ந்தது. கோடை விடுமுறை என்பதால் நானும் அங்கேதான் உப்புத்தாளைக் கிழித்து விளையாடிக்கொண்டிருந்தேன்.

உரிந்த கதவைப் பார்த்துச் சித்தப்பா சிரித்தார். "இன்னாண்ணா, கதவுக்குப் பாம்புச் சட்ட மாட்டி வெச்சிருக்க?"

"ஆலக்காரரு கண்ணாடி மாரி பளபளன்னு கேக்கறாரு. எண்ணெயத் தடவிக் குடுத்தா, இது கதவா தோசக்கல்லான்னு கேப்பாரு."

"தேக்கு வவுத்துலயே எண்ணெ கீது. அது மேல ஊத்துனா எப்டி புடிக்கும்? உன் வார்னிஷையும் பட்டறையையும் சேத்துக் கொளுத்தணும்ணா, அப்பதான் உனக்குப் புரியும்."

கதவை எடுத்துப்போக வந்த ஆலை ஆட்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். அவர்கள் முன்னால் தோற்றது அப்பாவுக்குப் பொறுக்கவில்லை என்றாலும், வேறு வழியில்லாமல் எண்ணெய்க்குச் சம்மதித்தார்.

சித்தப்பா தேய்த்து முடித்ததும், கதவை வேப்பமரத்து நிழலில் காயச் சாத்திவிட்டு ஆலை ஆட்கள் அங்கேயே காத்திருந்தார்கள். துணி சிதறிக் கிடந்தால் அப்பாவுக்கு ஆகாது. அவரே எண்ணெயில் ஊறிய பனியன் வேஸ்ட் துணிகளை எல்லாம் கோணியில் திணித்து, காலால் மிதித்து இறுக்கிக் கட்டி, வெந்நீர் அடுப்புக்கு ஆகும் என்று பட்டறைக்குள் இருந்த இழைப்புச் சுருள் குவியலில் வைத்தார். ஸ்பிரிட் பாலிஷ் துணிகளை வருஷக்கணக்கில் அப்படித்தான் வைத்திருந்தோம். ஒன்றும் ஆனதில்லை. கடைசியாக வெளியே வந்து கதவைப் பூட்டியவர் சித்தப்பா.

சோற்றில் கை வைத்திருந்தபோது தகரம் படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்டது. நாங்கள் ஓடினோம். எங்களுக்கு முன்பே, சாவி எடுக்க நிற்காமல் பூட்டை உடைத்து உள்ளே பாய்ந்த சித்தப்பா தின்னர் டின்களை வெறும் கையால் வெளியே எறிந்துகொண்டிருந்தார். எறியாமல் விட்ட ஒன்று உள்ளேயே வெடித்து, தீ கூரையைத் தூக்கியது. இருமிக்கொண்டே அவர் வெளியே வந்த நொடியில் அப்பா ரீப்பர் கட்டையைப் பின்மண்டையில் இறக்கினார்.

"சொன்ன மாரியே கொளுத்திட்டியேடா!"

"ண்ணா, நான் இல்லண்ணா..."

இரண்டாவது அடி முதுகில் விழுந்தது. மூன்றாவதைத் தடுக்கக் கையைத் தூக்கினார். வலது முழங்கை முறிந்த சத்தம், தீயின் இரைச்சலை மீறி எனக்குக் கேட்டது. குறுக்கே விழுந்த அம்மாவை அப்பா உதறியதில் அவள் நெற்றி கிழிந்தது. கட்டை உடைந்த பிறகு அவர் காலால் உதைத்தார். ஆலை ஆட்கள் இழுத்துப் பிடித்தபோதும் அவர்கள் கைக்குள் திமிறிக்கொண்டிருந்தார்.

சித்தப்பா அதன்பின் கல்வராயன் மலைக்கு, சித்தியின் ஊருக்குப் போய்விட்டார். தம்பியே கொளுத்தினான் என்று ஊர் பேசியது.

நான் வேதியியல் படித்து, இன்று ஒரு வண்ணப்பூச்சு ஆய்வகத்தில் இருக்கிறேன். தேக்கின் எண்ணெய்ப் பசை வார்னிஷைப் பிடிக்கவிடாது. தின்னரால் துடைத்துவிட்டு உடனே அடிக்க வேண்டும், இல்லையென்றால் மரத்துக்குள் ஊறும் எண்ணெயையே கொடுக்க வேண்டும். ஸ்பிரிட் பாலிஷ் வெறுமனே ஆவியாகிக் காயும். ஆனால் ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு பிறக்கிறது. விரித்த துணியில் அது காற்றோடு போய்விடும். இறுக்கிய மூட்டையில் போக இடமில்லாமல் ஏறிக்கொண்டே போய்த் துணி தானாகப் பற்றும்.

போன கோடையில் வீட்டு முற்றத்தில், அதே எண்ணெய், அதே பனியன் வேஸ்ட், அதே மாதிரி கோணி என்று வைத்து அப்பாவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். மத்தியானம் மூட்டையிலிருந்து புகை கிளம்பியது. பிறகு தீ. யாரும் அருகே போகவில்லை. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னொரு தபா காட்டு" என்றார். மறுநாளும் காட்டினேன். மறுநாளும் எரிந்தது.

அந்த வீடியோவைச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "எனக்கு எதுக்கும்மா இது? நான் தீ வெக்கலன்னு எனக்கு அன்னிக்கே தெரியுமே."

கதவு இன்னும் ஆலைக்காரர் வீட்டில் நன்றாக இருக்கிறது. புதுப் பட்டறையில் தேக்குக்கு எண்ணெய்தான்; துணிகளைத் தண்ணீர் வாளியில் போடுகிறோம். சித்தப்பாவின் வலது முழங்கை மடங்காது. அப்பா இதுவரை தம்பியைப் பார்க்க மலையேறவில்லை.