பதினொரு ஆரோக்கியமான நோயாளிகள்

முன்னறிவிப்பில்லாத ஆய்வுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே கடிதம் வந்துவிடும். எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை மணிக்கு வருகிறார்கள், யாருக்குச் சர்க்கரை போடாத டீ என்பதுவரை அதில் இருக்கும். சிறைக்குள் நடப்பதை வெளியார் கண்ணால் பார்த்து எழுத வேண்டும் என்று அரசாங்கமே அமைத்த குழு அது. யார் பேச்சையும் கேட்டு ஆடாத சுதந்திரமான குழு என்று அதற்குப் பெயர். உண்மைதான், அவர்கள் யார் பேச்சையும் கேட்டதில்லை, கைதிகள் பேச்சையும் சேர்த்து.

கடிதம் வந்ததும் கண்காணிப்பாளர் முதலில் கூப்பிட்டு அனுப்புவது ஸ்டோர் கீப்பரை. சாமான் அறைக்குப் பொறுப்பான அவரை ஜெயிலில் எல்லோரும் ‘ஜோடனை’ என்றுதான் சொல்வார்கள். பதினெட்டு வருஷ சர்வீஸில் ஐம்பத்து நான்கு ஆய்வுகளை அலுங்காமல் நலுங்காமல் கரையேற்றியவர். வெள்ளை விரிப்புகளும் புதுக் கம்பளிகளும் அவருடைய இரும்பு பீரோவில் பூட்டியிருக்கும். ஆய்வன்று காலை ஏழு மணிக்கு வெளியே வரும், மதியம் பன்னிரண்டு மணிக்கு மடிப்புக் கலையாமல் உள்ளே போகும். பூத்தொட்டிகள் கண்காணிப்பாளர் வீட்டு வாசலிலிருந்து கைவண்டியில் வரும். அவற்றில் ஒரு செடி வருஷக்கணக்காக ஜெயிலுக்கு வந்துபோய், வார்டர்களைப் பார்த்தாலே இலையைச் சுருட்டிக்கொள்கிறது என்று ஜோடனை வேடிக்கையாகச் சொல்வார்.

ஆனால் அவர் பெருமைப்பட்டுக்கொள்வது செடியைப் பற்றி அல்ல, மருத்துவ அறையைப் பற்றி. அங்கே பதினொரு கட்டில்கள். ஜெயிலுக்கென்று இருந்த டாக்டர் வேலையை விட்டுப் போய் நான்கு வருஷமாகிறது, அந்த இடத்துக்கு வேறு ஆள் வரவில்லை. அதனால் நிஜமான நோயாளிகள் பார்க்கக்கூடிய நிலையில் இருப்பதில்லை. புண்ணும் சீழும் எலும்புமாக இருப்பவர்களைப் பெரிய மனிதர்களிடம் காட்டினால் யாருக்கு மரியாதை? ஆகவே ஆய்வன்று காலையில் அவர்களையெல்லாம் பின்பக்கத்துத் தறிக்கொட்டகைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு, கதவில் ‘பழுது பார்க்கப்படுகிறது’ என்று பலகை மாட்டிவிடுவார். காலியான கட்டில்களில் பதினொரு திடகாத்திரமான கைதிகள் ஏறிப் படுத்துக்கொள்வார்கள். அன்றைக்கு அவர்களுக்கு முட்டையும் பாலும் உண்டு என்பதால் நோயாளியாவதற்கு ஜெயிலில் அடிதடி நடக்கும். நிரந்தர இடம் பிடித்தவன் ஒரே ஒருவன்தான். பூட்டை உடைத்துத் திருடி உள்ளே வந்தவன், அளவாக, கேட்பவர் மனம் இரங்கும்படி இருமத் தெரிந்தவன். அவனை ‘இருமல்’ என்றே கூப்பிட்டார்கள். “நல்லா கவனிச்சுக்கறாங்க ஐயா, வீட்டுல கூட இப்படிப் பாத்ததில்ல” என்று அவன் சொல்லும்போது ஜோடனைக்கே கண் கலங்கும், எழுதிக்கொடுத்தவர் அவராக இருந்தும்.

ஆய்வறிக்கையையும் அவர்தான் எழுதுவார். குழுவினருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று முந்தின நாளே எழுதித் தயாராக வைத்திருப்பார், அவர்கள் கையெழுத்து மட்டும் போட்டால் போதும். கொட்டகை காலி, பழுது வேலை நடக்கிறது என்று ஸ்டோர் கீப்பரின் சான்று ஒன்றும் அதோடு இணைந்திருக்கும். ஒருமுறை குழுவிலிருந்த டாக்டரம்மா, இவ்வளவு ஆரோக்கியமான நோயாளிகளை வேறு எந்தச் சிறையிலும் கண்டதில்லை என்று ஓரத்தில் தன் கையால் பாராட்டி எழுதிவிட்டுப் போனார். அதைப் படித்துவிட்டு ஜோடனைக்கு இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் மைத்துனன் ரூபத்தில் சனி வந்து ஏறியது.

மனைவியின் ஒரே தம்பி அவன். வேன் ஓட்டுகிறவன், வாய் கொஞ்சம் நீளம். நடுரோட்டில் வண்டியை மறித்த போலீஸ்காரரிடம் சட்டம் பேசினான். சட்டம் பேசினவனைச் சட்டப்படியே பதினைந்து நாள் காவலில் போட்டார்கள். அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே இழுப்பு. தூசி பட்டால் போதும், நெஞ்சு விசிலடிக்கும்.

“உங்க ஜெயில்தானேங்க. கண்ணு மாதிரி பாத்துக்குங்க” என்றாள் மனைவி.

“நான் இருக்கறப்போ உனக்கென்ன கவலை?” என்றார் இவர்.

சொன்னாரே தவிர, அவன் தன் மைத்துனன் என்று ஜெயிலில் மூச்சு விடவில்லை. உறவுக்காரன் உள்ளே இருந்தால் ஊழியரை வேறு ஜெயிலுக்கு மாற்ற வேண்டும் என்று விதி. பீரோவையும் பூத்தொட்டியையும் வேறொருவன் கையில் கொடுத்துவிட்டுப் போவதா? யாருக்கும் தெரியாமல் இன்ஹேலரை வாங்கிவந்து கொடுத்தார், மருத்துவ அறையில் ஜன்னலோரக் கட்டிலாகப் பார்த்துப் படுக்கவும் வைத்தார். மச்சானும் வெளியாள் முன்னால் ‘சார்’ என்றும், ஆளில்லாதபோது ‘மாமா’ என்றும் கூப்பிட்டுச் சமாளித்துக்கொண்டான்.

ஆய்வு நாள் விடிந்தது. ஜோடனை மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தார். மற்ற பத்துப் பேரைக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டு இவனை மட்டும் கட்டிலிலேயே விட்டுவிடலாம், ஒரு நிஜ நோயாளி கலந்திருந்தால் யாருக்குத் தெரியும் என்று. ஆனால் கண்காணிப்பாளர் காலையிலேயே ஒத்திகை பார்க்க வந்துவிட்டார். ஜன்னலோரக் கட்டில் பக்கம் வந்ததும் நின்றார்.

“யாருய்யா இவன்? இவன் இழுக்கிற இழுப்பு வாசல் கேட் வரைக்கும் கேக்குது. வந்தவங்க பயந்துடப் போறாங்க. கொட்டகைக்கு அனுப்பு.”

“ஐயா, இவன் கொஞ்சம்…”

“கொஞ்சம் என்ன? உனக்கு வேண்டப்பட்டவனா?”

“இல்லீங்கய்யா” என்றார் ஜோடனை. அவர் வாழ்க்கையில் சொன்ன பொய்களை அடுக்கினால் அந்த மருத்துவ அறை கொள்ளாது. ஆனால் இந்த ஒன்றைச் சொல்லும்போது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். மைத்துனன் அவரை நிமிர்ந்து பார்த்தான். எழுந்து மற்றவர்களோடு வரிசையில் போய் நின்றான். கொட்டகையைப் பூட்டியது இவர் கைதான்.

இரண்டு மணி நேரத்தில் போய்விடுவார்கள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். எப்போதும் அப்படித்தான் போவார்கள். கெட்ட நேரம், அன்றைக்கு ஆய்வு அளவுக்கு மீறி நன்றாக நடந்துவிட்டது. தலைவரான ஓய்வு பெற்ற நீதிபதிக்குக் கைதிகளின் வரவேற்புப் பாட்டு பிடித்துப்போய், இன்னொன்று பாடச் சொன்னார். பொதுமக்கள் பிரதிநிதியாக வந்த நாற்காலிக் கடைக்காரர் ஜெயிலில் செய்த நாற்காலிகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தார். இருமல் தன் வசனத்தைச் சொல்லிமுடித்து, பாராட்டு வாங்கி, முட்டையையும் தின்றுவிட்டான். வந்தது ஒன்பது மணிக்கு, மணி பதினொன்றரை ஆகியும் ஒருவரும் எழுந்திருக்கிற வழியாக இல்லை.

ஜோடனை மெல்ல நழுவிப் பின்பக்கம் போனார். அந்தக் கொட்டகையில் தறி ஓடி எத்தனையோ வருஷமாகிறது, பஞ்சுத்தூசி மட்டும் இன்னும் இறங்காமல் மிதக்கிறது. கதவில் காதை வைத்தார்.

உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள். “யாரது? கதவைத் தொறங்கய்யா. இந்த வேன்காரனுக்கு உதடெல்லாம் நீலமாயிடுச்சு. மருந்தும் தீந்துபோச்சு.”

திறந்தால் என்ன செய்வது? ஜோடனைக்கு வைத்தியம் தெரியாது. அந்த மதிலுக்குள் இருந்த ஒரே டாக்டர், குழுவோடு வந்த டாக்டரம்மா, ஆபீஸ் அறையில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். ஜோடனை ஓடினார். பதினெட்டு வருஷத்தில் அவர் ஜெயிலுக்குள் ஓடினது அதுதான் முதல் தடவை.

நீதிபதி அப்போதுதான் கையெழுத்துக்குப் பேனாவைத் திறந்திருந்தார்.

“ஐயா, பின்னாடி கொட்டகையில ஆளுங்க இருக்காங்க. சீக்காளிங்க. ஒருத்தனுக்கு மூச்சு நிக்கப்போகுது. டாக்டரம்மா உடனே வரணும்” என்றார், மூச்சிரைக்க.

நீதிபதி பதறவில்லை. நீதிமன்றத்தில் முப்பது வருஷம் பதறாமல் இருந்து பழகியவர். காகிதங்களைப் புரட்டினார்.

“கொட்டகை காலியா இருக்கு, வேலை நடக்குதுன்னு இங்க இருக்கே?”

“அது பொய்ங்கய்யா.”

“ஸ்டோர் கீப்பர் கையெழுத்துப் போட்டுச் சான்று குடுத்திருக்காரே.”

“நான்தாங்கய்யா அந்த ஸ்டோர் கீப்பர்.”

“அப்போ நீங்க குடுத்த சான்றை நீங்களே மறுக்கறீங்களா? எழுத்துல இருக்கறதை வாயால மறுக்க முடியாதே” என்றார் நீதிபதி, வருத்தத்தோடு. நிஜமாகவே வருத்தம்தான், அவர் நல்ல மனிதர்.

“ரெண்டு நாளா தூக்கமில்லாம வேலை பாத்தாருங்கய்யா, அதான்” என்று கண்காணிப்பாளர் சிரித்தார். சிரித்தபடியே ஜோடனையைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை.

நாற்காலிக் கடைக்காரருக்கு இரக்க சுபாவம். “வாசல்ல புகார்ப் பெட்டி இருக்கு பாருங்க, அதுல எழுதிப் போட்டுடுங்க. அடுத்த தடவை வரும்போது கண்டிப்பா தொறந்து பாப்போம்” என்றார்.

தான் கட்டின சுவர் எவ்வளவு கெட்டியானது என்று ஜோடனைக்கு அப்போதுதான் தெரிந்தது. முட்டி மோதிப் பிரயோஜனம் இல்லை. திரும்பினார், மறுபடி ஓடினார். ‘பழுது பார்க்கப்படுகிறது’ பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பூட்டைத் திறந்தார். மச்சானின் தலையை யாரோ ஒரு கிழவர் மடியில் வைத்து, தன் சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார். அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஜோடனை மருத்துவ அறைக்கு நடந்தார். அவன் கனமாக இருந்தான். பின்னாலேயே நொண்டிக்கொண்டும் சுவரைப் பிடித்துக்கொண்டும் மற்ற பத்துப் பேரும் வந்தார்கள். யாரும் அவர்களை வரச்சொல்லவில்லை, ஆனால் கதவு திறந்திருந்ததே.

மருத்துவ அறையில் படுக்க வைக்க இடமில்லை. பதினொரு கட்டிலிலும் பதினொரு பேர் சுகமாகப் படுத்திருந்தார்கள்.

“யாராவது எந்திரிங்கடா” என்றார் ஜோடனை. “என் மச்சான்டா இவன்.”

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. டாக்டரம்மா வந்து நின்றார், கையில் பாதி பிஸ்கட்டோடு. அவர் பின்னால் கண்காணிப்பாளர், அவர் பின்னால் மற்றவர்கள். அறையே அசையவில்லை. கண்காணிப்பாளர் முன்னால் எழுந்திருப்பது என்றால் என்னவென்று அங்கே படுத்திருந்த எல்லோருக்கும் தெரியும்.

முதலில் எழுந்தவன் இருமல்தான். போர்வையை ஒதுக்கிவிட்டு இறங்கி நின்றான்.

“எனக்கு ஒண்ணும் இல்லீங்கம்மா. நான் நல்லாத்தான் இருக்கேன். இதுல போடுங்க” என்றான். அதற்கப்புறம் அடுத்த கட்டில்காரன் இறங்கினான், அதற்கடுத்தவன் இறங்கினான். கொஞ்ச நேரத்தில் பதினொரு நோயாளிகளும் பூரண குணமடைந்து சுவரோரமாக நின்றார்கள். அப்படியொரு சிகிச்சை எந்த ஆஸ்பத்திரியிலும் நடந்திருக்காது.

டாக்டரம்மா யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பிஸ்கட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு நொடி நின்றவர், அதைத் தரையில் போட்டுவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தார். தன் காரிலிருந்து பெட்டியை எடுத்துவரச் சொன்னார், ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் மச்சானின் நெஞ்சு மறுபடி விசிலடிக்கத் தொடங்கிவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஜோடனை வாய்விட்டு அழுதார். அழும்போதும் நீதிபதி கையிலிருந்த அறிக்கையில் கையெழுத்து விழுந்துவிட்டதா என்று ஒரு கண் பார்த்தது. பதினெட்டு வருஷப் பழக்கம், ஒரே நாளில் போய்விடுமா?

சாயங்காலம் தற்காலிக வேலை நீக்க உத்தரவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பொய்ச் சான்று கொடுத்த குற்றத்துக்காக. அதைக் கொடுக்கச் சொன்ன கண்காணிப்பாளர்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். அதைப் பற்றி அவருக்குப் பெரிய வருத்தம் இல்லை. வேலையைத் தூக்கிப் போட்டு மச்சானின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார், மனைவி இன்றைக்காவது தன்னை ஒரு மனுஷனாக மதிப்பாள் என்று நினைத்துக்கொண்டே வந்தார்.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். தம்பி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். தட்டை எடுத்து வைத்தாள், பரிமாறினாள், எதிரே உட்கார்ந்தாள்.

“எங்கூடப் பொறந்தவன்னுதானே தொறந்தீங்க?” என்றாள்.

“பின்னே?”

“இதுக்கு முன்னாடி அந்தக் கொட்டகையில எத்தனை பேரைப் போட்டுப் பூட்டியிருப்பீங்க?”

“அதையெல்லாம் யாரு எண்ணிக்கிட்டிருந்தா?”

“அவங்கள்ல யாராவது செத்தாங்களா?”

அவர் கையில் எடுத்ததைத் தட்டிலேயே போட்டார். பழைய ஆய்வுகளில் கதவைத் திறந்து பார்த்தபோது எழுந்திருக்காமல் கிடந்தவர்கள் உண்டு. ஆய்வு முடிந்து மறுநாள் தேதி போட்டு, நெஞ்சுவலி என்று அவரே எழுதியிருக்கிறார்.

“ரெண்டு பேரு” என்றார். விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, “மூணு” என்றார்.

அவள் எழுந்து போகவில்லை, திட்டவும் இல்லை. அவர் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார்.