ரப்பர் பால் தராசில் தமிழ் நோட்டு

பீடோர் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில தமிழ்ப் பிரிவுக்குத் தலைவர் நான்தான் மச்சான். பிரிவுல வேற ஆளே கிடையாதுலா.

பிள்ளைங்க தமிழ்ல முன்னேறலன்னா பள்ளிக்கூடத்தையே மூடிடுவேன்னு தோட்டத்துத் துரை சொல்லிட்டார். எவ்வளவு எழுதியிருக்காங்கன்னு பார்க்க, இன்னிக்கு ரப்பர் பால் நிறுக்கிற தராசுல நோட்டுகளை வச்சார்.

முனியம்மா நோட்டுதான் முதலிடம். அதுல எழுதியிருந்தது அவ பேரு மட்டும்தான். ஆனா நோட்டு தண்ணி சொட்டச் சொட்ட இருந்துச்சு.

"என்னம்மா இது?"ன்னு கேட்டேன்.

"எடை கூடணும்னா எங்கப்பா பால்ல தண்ணி ஊத்துவாருங்கய்யா."

துரை தராசு முள்ளை மட்டும் பார்த்தார். "நல்ல முன்னேற்றம், வாத்தியார்!"

நாளைக்கு மறுபடியும் நிறுக்கிறாராம். சொல்லுங்க மச்சான், பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தவா, இல்ல நோட்டும் கையுமா ஆத்துக்குக் கூட்டிட்டுப் போகவா?