மூன்றாம் புத்தகத்தில் வந்த படகோட்டி

என் மாயக்கதையின் முதல் புத்தகத்தில் ஒரே ஒரு தீவும் ஒரு படகோட்டியும்தான். வெள்ளவத்தையில் எங்கள் பல்கனியிலிருந்து பார்த்தால் மழைக்கு முன் கடலும் வானமும் ஒன்றாகிவிடும். அந்தச் சாம்பல் நிறத்துக்குள் ஒரு தீவு மெல்ல நகர்ந்து போவதாக எனக்குத் தோன்றும். அதை எழுதினேன். எப்படி முடிப்பதென்று தெரியாமல் கடைசி அத்தியாயத்தில் படகோட்டியைக் கடலில் சாகடித்தேன். சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

இரண்டாம் புத்தகத்தில் தீவுகள் ஏழாகின. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அவை இடம் மாறும். ஏழுக்கும் ஏழு அரசிகள். எந்த அரசிக்கு எந்தக் கண் நிறம் என்று எனக்கே பிடிபடவில்லை. நல்லவேளை, கொட்டாஞ்சேனையில் ஓர் அக்கா இருந்தார், அச்சகங்களுக்குப் புரூஃப் பார்ப்பவர். என் உலகம் முழுவதையும் ஒரு கொப்பியில் குறித்து வைத்திருந்தார். முதல் புத்தகத்தில் பச்சையாக இருந்த கதவு இரண்டாவதில் நீலமானால் சிவப்புப் பேனை பாய்ந்துவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

மூன்றாவதை எழுதிக்கொண்டிருந்தபோது அக்காவின் கணவர் இறந்துபோனார். துறைமுகத்தில் வேலை செய்தவர்.

"புரூஃபை அனுப்புங்கோ தம்பி, சும்மா இருக்க ஏலாது" என்றார் அக்கா.

அனுப்பினேன். காற்புள்ளி வரை திருத்தி வந்தது. அச்சுக்குக் கொடுக்க வேண்டிய நாள் காலையில் கடைசியாக ஒருமுறை புரட்டினேன். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் படகோட்டி துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். செத்த மனிதர்! அரசியை அக்கரை சேர்க்க ஆள் தேவைப்பட்டபோது என் கை தன்பாட்டில் அவரை எழுதியிருக்கிறது.

தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு கோபம் அக்கா மேல் திரும்பியது. அந்தப் புரூஃப் தாளை எடுத்துக்கொண்டு புறக்கோட்டைக்குப் போய் பஸ் மாறி, அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"அக்கா, இவர் முதல் புத்தகத்திலயே செத்துப்போனவரெல்லோ? நீங்கள் காணேல்லையா?"

"ஓம், கண்டனான்."

"பிறகேன் வெட்டேல்ல?"

அக்கா தாளை வாங்கி அந்தப் பக்கத்தைத் தடவினார். "ரெண்டு தரம் பேனையை எடுத்தனான் தம்பி. வந்திட்டார், இருக்கட்டுமே எண்டு விட்டிட்டன். உங்கட கதை. சனம் சிரிக்கும் எண்டா எடுத்துப்போடுங்கோ."

சனம் சிரிக்கும்தான். எனக்கு என் பெயர் பெரிது. வேறொரு படகோட்டியைப் போட்டால் நாலு வரியில் விஷயம் முடிந்துவிடும். வீட்டுக்கு வந்து பேனையை எடுத்தேன். வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது. என்னாலும் வெட்ட முடியவில்லை. அப்படியே அச்சுக்குப் போயிற்று.

சிரித்தார்கள். 'இது ஆவியா, உங்கள் மறதியா?' என்று ஒரு வாசகர் கேட்டு எழுதினார்.

நான்காம் புத்தகத்தை அக்காவுக்காகவே எழுதினேன், அதைச் சொல்ல வெட்கமில்லை. படகோட்டி கரையேறி வருகிறார். இவ்வளவு காலமும் எங்கே போயிருந்தீர் என்று யாருமே கேட்பதில்லை. தீவுக்காரர்கள் பாய் விரித்து இருத்தி, இரண்டு கரண்டி சீனி போட்டு பிளேன்டீ கொடுக்கிறார்கள்.

புரூஃப் திரும்பி வந்தது. அந்தப் பக்கத்தில் ஒரேயொரு திருத்தம். சீனியை வெட்டிவிட்டு ஓரத்தில் அக்கா சிவப்பில் எழுதியிருந்தார்: "இவர் சீனி போடுறேல்ல."

முந்திய மூன்று புத்தகங்களையும் எடுத்துத் தேடிப் பார்த்தேன். படகோட்டி தேநீர் குடித்ததாக நான் எங்குமே எழுதியிருக்கவில்லை.